அறியாமல் தொழுததெல்லாம் யாருக்குப் போய்ச் சேரும்?

1 | வேப்பங்காற்று

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு பள்ளியில் பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் யோவான் 4ஆம் அதிகாரம். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசுகிறார்: "நீங்கள் அறியாததைத் தொழுதுகொள்ளுகிறீர்கள், நாங்கள் அறிந்திருக்கிறதைத் தொழுதுகொள்ளுகிறோம்."

வழக்கம்போலப் பின்னணி சொன்னேன். சமாரியர் மோசேயின் ஐந்து நூல்களை மட்டும் ஏற்றவர்கள், எருசலேமை விட்டுக் கெரிசீம் மலையைத் தொழுகையிடமாக வைத்துக்கொண்டவர்கள் என்றெல்லாம். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அதிகம் பேசாத பிள்ளை. "மிஸ், அவங்க அவ்வளவு வருஷம் கும்பிட்டதெல்லாம் அப்போ யாருக்குப் போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. "அடுத்த வாரம் சொல்றேன்மா" என்று வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். அவள் பெயருக்கு நேரே டிக் போட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

கடவுளை உண்மையாக அறியாமல் ஒருவர் அவரைத் தொழ முடியுமா? தொழுதால் அது தொழுகை தானா? எந்தச் சமயத்தவரும் பதில் சொல்லலாம்.

2 | கேள்விக்குறி

யாருக்கும் போகவில்லை. முகவரி இல்லாத கடிதம் எங்கே போகுமோ அங்கேதான். எழுதியவருக்கு மனம் லேசாகியிருக்கும், அவ்வளவுதான்.

3 | சும்மா_வந்தேன்

அறிவெல்லாம் எதுக்குங்க? அன்பு இருந்தால் போதும். கண்ணப்ப நாயனாருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. கண்ணையே கொடுத்தார், சாமி ஏற்றுக்கொண்டது. இழை முடிந்தது 🙂

4 | கற்பலகை

இழை முடியவில்லை நண்பரே. அன்பு மட்டும் போதுமென்றால் பொன் கன்றுக்குட்டிக் கதை எதற்கு? யாத்திராகமம் 32ஐ எடுத்துப் பாருங்கள். மக்கள் கேட்டதால் பொன்னில் கன்றுக்குட்டி செய்து கொடுத்த ஆரோன் (மோசேயின் அண்ணன்) வேறொரு சாமியின் பெயரைச் சொல்லவில்லை. "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றுதான் கூறுகிறான். பெயர் சரி, உற்சாகத்துக்கும் குறைவில்லை. காதிலிருந்த பொன்னைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே தியாகமும் உண்டு. ஆனால் தொழுத பொருள் அவர் அல்ல.

ஓசியா 6:6ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "பலியை அல்ல இரக்கத்தையும், தகனபலிகளைப் பார்க்கிலும் தேவனை அறிகிற அறிவையும் விரும்புகிறேன்." அறிவு இல்லாத பலி வேண்டாமென்று அவரே சொன்ன பிறகு நாம் ஏன் சலுகை கொடுக்க வேண்டும்? அக்கா, அந்தப் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: அது அவரைச் சேரவில்லை, அதனால்தான் அவர் கிணற்றடிக்கு வந்தார்.

5 | தோணிக்காரன்

கேள்விக்குறி சொன்ன கடித உவமை எனக்குப் பிடித்தது, ஆனால் அதில் ஓர் ஓட்டை. ஓர் ஆளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் தப்பாக இருந்தாலும் நாம் அந்த ஆளைப் பற்றியே பேச முடியும்.

1970இல் பிரின்ஸ்டனில் சால் கிரிப்கி என்ற தத்துவ அறிஞர் சில உரைகள் ஆற்றினார். அதில் ஓர் எடுத்துக்காட்டு: ஐன்ஸ்டைனைப் பற்றிச் சிலருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அவர் அணுகுண்டைக் கண்டுபிடித்தவர் என்பது. அது தவறு. ஆனாலும் அவர்கள் 'ஐன்ஸ்டைன்' என்று சொல்லும்போது ஐன்ஸ்டைனைத்தான் சொல்கிறார்கள், அவரைப் பற்றித் தவறாகச் சொல்கிறார்கள். குண்டைச் செய்த வேறு யாரையோ சொல்வதாக ஆகிவிடாது. பெயர் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறி வருகிறது. அந்தச் சங்கிலியின் மறுமுனையில் உண்மையான ஆள் இருந்தால் போதும், நடுவில் இருப்பவர்களின் அறிவு அரைகுறையாக இருந்தாலும் பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.

சமாரியர் கையில் மோசேயின் நூல்கள் இருந்தன, ஆபிரகாமின் தேவன் என்ற பெயரும் இருந்தது. சங்கிலி அறுபடவில்லை. அவர்கள் தொழுதது அவரையே, தவறாகத் தொழுதார்கள். அந்தப் பிள்ளைக்கு என் பதில் இது.

6 | கேள்விக்குறி

தோணிக்காரரே, கிரிப்கியை இழுத்துவிட்டீர்கள், அப்புறம் கேரத் எவன்ஸ் என்ற தத்துவ அறிஞரையும் கூப்பிட வேண்டியதுதானே? அவர் கொடுத்த பதிலடி மடகாஸ்கர். அந்தப் பெயர் முதலில் ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் ஒரு பகுதியைக் குறித்ததாகவும், மார்க்கோ போலோ தப்பாகப் புரிந்துகொண்டு தீவுக்கு வைத்துவிட்டதாகவும் சொல்கிறார்கள். சங்கிலி அறவில்லை, பெயரும் மாறவில்லை. ஆனால் இன்று நீங்கள் மடகாஸ்கர் என்றால் தீவுதான். பெயர் நழுவி வேறொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டது, சொல்பவர் யாருக்கும் அது தெரியவேயில்லை.

கற்பலகை சொன்ன கன்றுக்குட்டியும் இதே கதைதான். கர்த்தர் என்ற பெயர் கன்றின் மேல் போய் உட்கார்ந்தது.

இதைவிடப் பழைய சங்கடமும் இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் செனோபனீஸ் என்ற கிரேக்கர் சொன்னார்: மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்து படம் வரைய முடிந்தால், குதிரை தன் கடவுளைக் குதிரையாக வரையும், மாடு மாடாக வரையும். அறியாமல் தொழுவது என்றால் கண்ணாடி முன் நின்று தொழுவது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நம்புகிறவர்களுக்கு இந்தப் பயம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

7 | பிறைநிழல்

அந்தப் பயம் எங்களிடம் இருக்கிறது சகோதரரே. இமாம் புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் அறிவு பற்றிய பகுதியில் ஒரு தலைப்பே 'சொல்லுக்கும் செயலுக்கும் முன்னால் அறிவு' என்பது. அதற்கு அவர் ஆதாரமாக வைப்பது 'அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை என்பதை அறிந்துகொள்' என்று தொடங்கும் குர்ஆன் வசனம் (47:19). நம்பு என்றோ சொல் என்றோ தொடங்கவில்லை, அறிந்துகொள் என்று தொடங்குகிறது. போதையில் இருக்கும்போது, ஓதுவது இன்னதென்று உங்களுக்கே தெரியும்வரை தொழுகையை நெருங்காதீர்கள் என்று இன்னொரு வசனமும் உண்டு (4:43).

ஆனால் வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து நபியிடம் கேள்வி கேட்கும் புகழ்பெற்ற ஹதீஸில் 'இஹ்சான்' என்றால் என்ன என்ற கேள்விக்குப் பதில் இப்படி வரும்: அல்லாஹ்வை நீ பார்ப்பதுபோல் வணங்கு, நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான். முதல் பாதி பெரியவர்களுக்கு, இரண்டாம் பாதி என் போன்றவர்களுக்கு என்று நான் வைத்துக்கொள்வேன்.

என் உம்மம்மா குர்ஆன் ஓதும்போது எழுத்துக்குக் கீழே விரலை வைத்து நகர்த்துவார். நகம் தேய்ந்த ஆள்காட்டி விரல். வரி முடிந்தால் விரல் அங்கேயே நிற்கும், கண்ணை மூடி மூச்சு விடுவார், பிறகு அடுத்த வரி. அரபு எழுத்து தெரியும், பொருள் ஒரு சொல்லுக்கும் தெரியாது. நான் கல்லூரியில் கொஞ்சம் படித்துவிட்டுத் திமிரோடு கேட்டேன், "பொருள் தெரியாம ஓதி என்ன பிரயோஜனம் உம்மம்மா?" அவர் விரலை எடுக்காமலே சொன்னார்: "எனக்குத் தெரியாட்டி என்ன, அவனுக்குத் தெரியும்ல."

8 | கேள்விக்குறி

உங்கள் உம்மம்மா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இப்படி ஒரு பாட்டி எல்லாச் சமயத்திலும் இருக்கிறார். விவாதம் இறுகும்போது பாட்டியைக் கூப்பிட்டு விடுகிறோம். அதே உறுதியோடு தப்பான காரியம் செய்த பாட்டிகளும் உண்டு.

9 | பிறைநிழல்

அதுவும் சரிதான். என் உம்மம்மாவே அக்கம்பக்கத்தில் எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறார் தெரியுமா 😄

10 | சும்மா_வந்தேன்

பாட்டி இல்லாத ஒரு கதை சொல்கிறேன். நான் படித்தது கிறிஸ்தவப் பள்ளி, எங்கள் வீடு வேறு சமயம். தினமும் காலையில் கர்த்தருடைய ஜெபம் சொல்ல வேண்டும். "எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்" என்று ஒரு வரி வரும் பாருங்கள், சோதனை என்றால் பரீட்சை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு நல்ல பள்ளிக்கூடம், தினமும் காலையில் பரீட்சை வைக்கக் கூடாதென்று அவர்களே பிரார்த்தனை செய்யச் சொல்கிறார்களே என்று ஆச்சரியம்! மற்ற வரிகளை முணுமுணுப்பேன், அந்த ஒரு வரியை மட்டும் கண்ணை இறுக்கி மூடிச் சத்தமாகச் சொல்வேன். கணக்குப் பரீட்சை அன்று இரண்டு முறை.

விவரம் தெரிந்து சிரித்தேன். ஆனால் ஒன்று: என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் வேண்டிக்கொண்ட வரி வேறு கிடையாது. இப்போது எல்லா வரிக்கும் பொருள் தெரியும், கண்ணை மூடுவதில்லை.

11 | ஏடுதூக்கி

சும்மா_வந்தேன் தம்பி, பரீட்சைக் கதைக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் 3ஆம் பதிவில் கண்ணப்பருக்கு ஒன்றும் தெரியாது என்று போட்டீர்களே, அங்கே முட்டை. இந்த வாதத்துக்குக் கண்ணப்பரைக் கொண்டுவராத ஆளில்லை, எல்லோரும் தலைகீழாகவே கொண்டுவருகிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேக்கிழார் கதையை எப்படி அமைக்கிறார் பாருங்கள். வேட்டைக்கு வந்த திண்ணன் (கண்ணப்பரின் இயற்பெயர்) காளத்தி மலையில் ஏறுகிறான். அங்கே மேலே பச்சிலையும் பூவும் கிடப்பதைக் கண்டு, இதை யார் செய்தார்கள் என்று கேட்கிறான். கூட வந்த நாணன், முன்பு ஒருநாள் உன் தந்தையோடு வந்தபோது ஒரு பார்ப்பார் நீரை வார்த்து, இலையும் பூவும் வைத்து, உணவு ஊட்டி ஏதோ சொன்னதைப் பார்த்தேன் என்கிறான். திண்ணனுக்குக் கிடைத்த 'கல்வி' அவ்வளவுதான், அதுவும் இன்னொருவர் கண்ணால் பார்த்தது. அதை வைத்துக்கொண்டு தன் கையிலிருப்பதால் அதையே செய்கிறான். குடம் இல்லை, வாயில் நீர் கொண்டுவருகிறான். பூக்கூடை இல்லை, தலைமுடியில் செருகி வருகிறான். உணவு என்றால் அவனுக்கு இறைச்சி, அதையும் நல்ல துண்டாகப் பார்த்துக் கொடுக்க வேண்டுமே என்று சுவைத்துப் பார்த்துக் கொடுக்கிறான். பிழை மலிந்த நகல். ஆகமம் அறிந்த சிவகோசரியார் வந்து பார்த்துப் பதறுகிறார், சுத்தம் செய்கிறார், மறுநாளும் அதே கோலம்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்தது இறைவன் சிவகோசரியார் கனவில் வருகிற இடம். அங்கே 'பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது, அன்பு மட்டும் உண்டு, மன்னித்துவிடு' என்று சொல்லியிருக்கலாம். சேக்கிழார் அப்படிச் சொல்ல விடவில்லை. அவர் வைத்த சொல்:

"அவனுடைய வடிவெல்லாம் நம்பக்கல் அன்பென்றும்
அவனுடைய அறிவெல்லாம் நமையறியும் அறிவென்றும்"

'அவனுடைய அறிவெல்லாம் நமை அறியும் அறிவு.' திண்ணனுக்கு அறிவு இல்லை என்று இறைவன் சொல்லவில்லை. அவனுக்கிருந்த அறிவு மொத்தமும் என்னை அறிகிற அறிவுதான் என்கிறார். அந்தப் பாட்டு முடியும்போது 'அவனுடைய நிலை இவ்வாறு அறிநீ' என்று வருகிறது. அறிந்துகொள்ளச் சொன்னது யாரை? ஆகமம் அறிந்தவரை!

கண்ணப்பர் கதையைப் படித்துவிட்டு 'அறியாமல் தொழலாம்' என்று முடிவுகட்டினால் பாதி தான் படித்திருக்கிறோம். அறிதல் என்பதற்கு நாம் வைத்திருக்கும் பொருள்மேலேயே அந்தக் கதை கை வைக்கிறது.

இன்னொன்று. பெரியபுராணத்தின் முதல் வரியே "உலகெலாம் உணர்ந்து ஓதற்கு அரியவன்". உணரவும் முடியாது, ஓதவும் முடியாது. அதே பாட்டின் கடைசிச் சொல் 'வணங்குவாம்'. நாலே வரி. உணர முடியாது என்பதில் தொடங்கி வணங்குவோம் என்பதில் முடிகிறது, நடுவில் 'ஆனாலும்' என்று ஒரு சொல்கூட இல்லை.

12 | கற்பலகை

ஏடுதூக்கி ஐயா, அருமை. ஆனால் உணரவே முடியாதவரை எப்படி வணங்குவது? யாரை வணங்குகிறோம் என்றாவது தெரிய வேண்டாமா? அப்பரே 'இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவன் இறைவன் என்று எழுதிக் காட்டொணாதே' என்கிறார். அப்படியானால் எல்லாம் ஒன்றுதானே, யார் எதை வணங்கினாலும் சரி என்றாகிவிடும்.

13 | ஏடுதூக்கி

அந்தப் பாட்டின் முந்தைய அடியை விட்டுவிட்டீர்கள். 'அவன் அருளே கண்ணாகக் காணின் அல்லால்' என்று இருக்கிறது. காணவே முடியாது என்று அப்பர் சொல்லவில்லை. உன் கண்ணால் காண முடியாது, அவன் கொடுக்கிற கண்ணால் காணலாம். எழுதிக் காட்டத்தான் முடியாது. 'எல்லாம் ஒன்று' என்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

14 | நெறியாளர்

இடையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தச் சமயம் உண்மை என்பதற்கு வேறு இழைகள் இருக்கின்றன, அங்கே போய் அடித்துக்கொள்ளலாம். இங்கே கேள்வி, அறியாமல் தொழ முடியுமா என்பது மட்டும்.

15 | யோத்

எபிரெயமும் கொஞ்சம் கிரேக்கமும் சொந்த ஆர்வத்தில் படிப்பவன். ஏடுதூக்கி எடுத்துக்காட்டிய 'நமை அறியும் அறிவு' என்ற சொற்றொடரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஏறக்குறைய அதே சொற்கள் தமிழ் வேதாகமத்தில் எரேமியா 22:16இல் இருக்கின்றன. யோசியா அரசனைப் பற்றி, சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை அவன் விசாரித்தான் என்று சொல்லிவிட்டு, "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்று கேட்கிறது. கற்பலகை காட்டிய ஓசியா வசனத்திலும் 'தேவனை அறிகிற அறிவு' இரக்கத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கொள்கைகளை மனப்பாடம் செய்வது அங்கே பேச்சில் இல்லை.

எபிரெயத்தில் இதற்கு 'யாதா' என்ற வினை. ஆதாம் ஏவாளை 'அறிந்தான்' என்று ஆதியாகமம் 4:1இல் வருகிறதே, அதே சொல். தமிழில்கூட இந்த வித்தியாசம் நம் வாயில் தானாக வருகிறது பாருங்கள்: 'அவரைப் பற்றித் தெரியும்' என்பது வேறு, 'அவரைத் தெரியும்' என்பது வேறு. பிரதமரைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். பிரதமரைத் தெரியும் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்புறம் யோவான் 4:22க்குப் பக்கத்தில் அப்போஸ்தலர் 17:23ஐ வைத்துப் பார்க்க வேண்டும். ஏதென்ஸில் 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதிய பலிபீடத்தைப் பவுல் பார்க்கிறார். (அந்தக் காலத்தில் இது அதிசயமில்லை. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியஸும் அறியப்படாத தெய்வங்களின் பலிபீடங்களைக் குறிப்பிடுகிறார்.) "நீங்கள் அறியாமல் ஆராதிக்கிற அவரையே நான் உங்களுக்கு அறிவிக்கிறேன்" என்கிறார் பவுல். அறியாமல் ஆராதிக்கிறீர்கள், ஆனாலும் அவரைத்தான் ஆராதிக்கிறீர்கள் என்று தமிழில் படித்தால் தோன்றும். ஆனால் பழைய கிரேக்கப் பிரதிகளில் 'யாரை, அவரை' என்று இல்லை, 'எதை, அதை' என்று அஃறிணையில் இருக்கிறது. பிற்காலப் பிரதிகளில் அது உயர்திணையானது, நம் மொழிபெயர்ப்பு அதைப் பின்பற்றியது. சமாரியப் பெண்ணிடம் பேசும் வசனத்திலும் அஃறிணைதான், அங்கே தமிழிலும் 'அறியாததை'. ஆக, அறியாமல் தொழும்போது ஆள் இன்னும் 'அது'வாகவே நிற்கிறது, 'அவர்' ஆகவில்லை. இலக்கணத்தை வைத்து இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்டால், கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எனக்கு அது விடமாட்டேன் என்கிறது.

வேப்பங்காற்று அக்கா, உங்கள் மாணவிக்கு நான் காட்ட விரும்பும் இடம் வேறு. 1 சாமுவேல். அங்கே கர்த்தரை அறியாத இரண்டு தரப்பு இருக்கிறது, இரண்டும் ஒரே கூடாரத்தில்.

2:12: ஆசாரியர் ஏலியின் மகன்கள் "கர்த்தரை அறியவில்லை."
3:7: சாமுவேல் "கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்."

இரண்டிலும் அதே யாதா. மகன்கள் ஆசாரியர்கள், சடங்கு அத்தனையும் அத்துப்படி. பலியிட வந்தவர்களின் கொப்பரையில் மூன்று கூருள்ள ஆயுதத்தை விட்டுக் குத்தி, வந்ததை எடுத்துக்கொண்டார்கள். பிறகு வேகவைக்கும் முன்பே பச்சையாகக் கொடு, இல்லாவிட்டால் பிடுங்குவோம் என்றார்கள். சாமுவேல் சின்னப் பையன், ஏலியிடம் வளர்கிறவன், விளக்கு அணையாத இடத்தில் படுத்துக் கிடப்பவன். ஓர் இரவு கர்த்தர் அவனைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறார். 3:1இல் அவன் 'கர்த்தருக்குப் பணிவிடை செய்தான்' என்கிறது, ஆறே வசனம் தள்ளி அவன் அவரை அறியவில்லை என்கிறது. எழுதியவருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை.

அந்த இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே சொல். 'இன்னும்.'

16 | கேள்விக்குறி

நன்றாக இருக்கிறது. ஆனால் 'இன்னும்' என்பது கதையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்து எழுதியவருக்குத் தெரிந்த சொல். அந்த இரவுக்கு முன்பு பையனிடம் போய், நீ 'இன்னும்' வகையா 'இல்லை' வகையா என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியுமா? இன்று தொழுகிற ஒருவர் தன்னைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வார்?

17 | தோணிக்காரன்

முடியாது என்றுதான் நினைக்கிறேன். அதில் என்ன தவறு?

18 | யோத்

கேள்விக்குறி கேட்டது நியாயம். என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கதை ஒரு தடயம் விட்டுப்போகிறது. ஏலி மகன்களைக் கண்டித்தார், அவர்கள் கேட்கவில்லை. அறிய வேண்டியது வாசலுக்கே வந்தது, கதவைச் சாத்தினார்கள். சாமுவேலுக்குக் குரல் கேட்டதும் எழுந்து ஓடினான். எங்கே ஓடினான்? ஏலியிடம்! "இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே" என்று. மூன்று முறையும் தப்பான ஆளிடம்.

உங்கள் முதல் பதிவில் முகவரி இல்லாத கடிதம் என்றீர்களே, இங்கே கடிதம் மூன்று முறை தப்பான முகவரிக்குத்தான் போனது. கூப்பிட்டவர் கோபித்துக்கொள்ளவில்லை, மறுபடி கூப்பிட்டார். இரவு நேரத்தில் தூக்கம் கெட்டு மூன்று தடவை எழுந்து ஓடிய அந்தப் பையனின் கால்கள்தான் என் கண்ணில் நிற்கின்றன.

பவுல் ஒரு கடிதத்தில் எழுதிக்கொண்டே வந்து தன்னைத் தானே திருத்திக்கொள்வார்: "இப்பொழுதோ நீங்கள் தேவனை அறிந்திருக்க, அல்லது தேவனாலே அறியப்பட்டிருக்க" (கலாத்தியர் 4:9). அந்த 'அல்லது' அடித்தல் திருத்தல் மாதிரி இருக்கும். பிறைநிழல் அவர்களின் உம்மம்மா சொன்னதும் அதுவே.

19 | கற்பலகை

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். மத்தேயு 7இல் 'கர்த்தாவே, கர்த்தாவே' என்று கூப்பிட்டு, உமது நாமத்தில் அதைச் செய்தோம் இதைச் செய்தோம் என்று வருகிறவர்களிடம் அவர் சொல்வது, "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை." பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் அவர்கள்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். 'நீங்கள் என்னை அறியவில்லை' என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் அப்படித்தான் மனத்துக்குள் படித்துக்கொண்டிருந்தேன். 4ஆம் பதிவில் 'அது அவரைச் சேரவில்லை' என்று முடித்ததைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். கன்றுக்குட்டியை விட்டுக்கொடுக்கவில்லை, அது வேறு.

20 | கேள்விக்குறி

கற்பலகை பின்வாங்கி இன்றுதான் பார்க்கிறேன். என் பங்குக்கு நானும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: தப்பான ஆளிடம் ஓடிய பையன் கதை, கண்ணாடி முன் தொழுகிறவன் கதை அல்ல. கண்ணாடியில் இருப்பவன் நம்மைத் தூக்கத்திலிருந்து எழுப்ப மாட்டான். கூப்பிட ஒருவர் இருக்கிறாரா என்பதில் நான் பழைய இடத்தில்தான் நிற்கிறேன்.

21 | சும்மா_வந்தேன்

ஏடுதூக்கி ஐயா, முட்டையை ஏற்றுக்கொண்டு கண்ணப்பர் புராணத்தை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். பதம் பிரித்த பதிப்பு ஏதாவது சொல்லுங்கள், நாலு வரிக்கு ஒரு தடவை மூச்சு முட்டுகிறது.

22 | ஏடுதூக்கி

தனிமடலில் அனுப்புகிறேன் தம்பி. முதல் தடவை பொருள் பார்க்காதீர்கள், சத்தமாக வாசியுங்கள். (இந்த இழையில் இப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை.)

23 | வேப்பங்காற்று

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பு முடிந்து இப்போதுதான் வந்தேன்.

யோத் சொன்ன இரண்டு வசனங்களையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து வந்து 'இன்னும்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டான். பிறகு மூன்று பேரை வைத்து அந்த இரவை நடித்துக் காட்டினோம். சாமுவேலாக நடித்தவன் ஓட்டத்தில் நாற்காலியைத் தட்டிவிட்டான், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

கேள்வி கேட்ட பெண்ணிடம், சமாரியர் கும்பிட்டதும் இப்படி ஓடின ஓட்டம் மாதிரி இருக்கலாம், யாரிடம் ஓடினாலும் கூப்பிட்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று சொன்னேன். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். சரி, முடிந்தது என்று பதிவேட்டை எடுத்தேன்.

"மிஸ், ஏலி தாத்தாவுக்குக் கர்த்தரை முன்னாடியே தெரியும்தானே? அப்போ அவருக்கு ஏன் மூணாவது தடவைதான் புரிஞ்சுது?"

அடுத்த வாரம் சொல்றேன்மா என்று மறுபடியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.